அடைத்தவளுக்கே ஜெயம்

போட்டி மண்டபத்துக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டுச் சின்னவள் வாயடைத்து நின்றாளே, அந்த இடத்தில்தான் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். கடைசிச் சுற்று, மூன்றாவது மேசை. வெள்ளைக் காய்கள் அவளுக்கு. கறுப்புக் காய்கள் அவள் கூடப்பிறந்த அண்ணனுக்கு.

ஐந்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணன். வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் பேசுவான், அப்பாவிடம் பேசுவான், பூனையிடம்கூட இரண்டு வார்த்தை பேசுவான். சின்னவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் மட்டும் அவனுக்குத் தாகம் போய்விடும்.

அந்த அண்ணன் வருகிற புதன்கிழமை வேலை மாற்றலாகி வெளியூர் போகிறான். லிஃப்ட் மெக்கானிக்குக்கு எந்த ஊரில்தான் வேலையில்லை? அண்ணி வீட்டுச் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டத் தொடங்கிவிட்டாள். போனால் எப்போது திரும்புவானோ தெரியாது. அதற்குள் தன்னை நம்பி ஒரு வார்த்தை பேசிவிட மாட்டானா என்பதுதான் சின்னவளுக்கு இருந்த ஒரே ஏக்கம்.

இத்தனைக்கும் நடந்தது ஒரே ஒரு ஆட்டம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், இதே மண்டபத்தில், நகரச் சாம்பியன் பட்டத்துக்கு அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சின்னவளின் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது. இனி வழியில்லை என்று அவள் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தாள். அண்ணன் கோப்பையோடு வீட்டுக்கு வந்தான். சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா பெருமை தாங்காமல் வாயை விட்டாள்.

"உனக்காக அவ விட்டுக் கொடுத்துட்டாடா. கூடப்பொறந்த பாசம்னா இதான்."

அண்ணனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மறுநாள் முழுக்கப் பலகையை விரித்து அந்த நிலையை அடுக்கி வைத்து மண்டையை உடைத்துக்கொண்டான். கடைசியில் கண்டுபிடித்தான். தங்கை தன் யானையை வலியக் கொண்டுபோய் அவன் ராஜாவிடம் வெட்டுக் கொடுத்திருக்கலாம். வெட்டியிருந்தால் அவளுக்கு நகர்த்த எதுவுமே மிச்சமிருக்காது. செக்கும் இல்லாமல் நகர்த்தவும் வழியில்லாமல் ஒருவர் அடைபட்டுப்போனால் ஆட்டம் டிரா. விளையாடுகிற எல்லாருக்கும் தெரிந்த விதி. இவளுக்குத் தெரியாதா?

கோப்பையைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன்தான். "சத்தியமா நான் அதைப் பார்க்கலண்ணா" என்று அவள் எத்தனை தடவை சொல்லியும் எடுபடவில்லை. பிச்சை போட்டவள் அதை மறைக்கப் பொய்யும் சொல்கிறாள் என்று அண்ணியிடம் சொன்னானாம்.

இன்று காலை சின்னவள் கிளம்பும்போது அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். அம்மா மெஷினை நிறுத்தினால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"அவன் மனசு குளிர்ற மாதிரி இன்னிக்கு ஏதாவது பண்ணும்மா. நீ தோத்தா என்ன குறைஞ்சா போயிடுவே?"

சின்னவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. அவன் கோபமே அதுதானே என்று எடுத்துச் சொன்னாள். அம்மாவுக்கு அது ஏறவில்லை. செஸ் பலகையில் அவளுக்கு அடையாளம் தெரிவது குதிரை மட்டும்தான், அதற்கு முகம் இருப்பதால். பிள்ளை கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான், ஒரு ஆட்டத்தை விட்டால் சரியாகிவிடும் என்றால் விட வேண்டியதுதானே? அம்மாவின் கணக்கு அத்தனை எளிமையானது.

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா இருமினார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மரக்கட்டையை நகர்த்துவதற்கு இவ்வளவு பேச்சா என்று வழக்கம்போல் அலுத்துக்கொண்டார். செஸ் என்றாலே அவருக்கு ஆகாது. நேரத்தைக் கொல்லுகிற வேலை என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டே, வெயிலாக இருக்கிறது, மழையாக இருக்கிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லிப் பிள்ளைகள் ஆடுகிற இடத்துக்குக் குடையோடு வந்து, பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் நிற்பார். கேட்டால், உள்ளே ஃபேன் இருக்கிறது என்பார். இன்று குடையை அம்மாவிடம் கொடுத்து, நீ போய்க் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் போகும்போது சின்னவள் யோசித்துப் பார்த்தாள். ஜெயித்தால் நகர அணியில் அவளுக்கு இடம் உண்டு. ஆனால் அண்ணன் தோற்ற கையோடு ஊருக்குப் போவான். தோற்றால், மறுபடியும் பிச்சை என்பான். டிரா கேட்டால் அதற்கும் அதே பெயர்தான். எப்படிப் போனாலும் முட்டுச்சந்து. கடைசியில், நடப்பது நடக்கட்டும், ஒழுங்காக ஆடிவிட்டு வருவோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மண்டபத்தில் அண்ணன் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். நகக்கண்ணில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்த்து, ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் ஒரு வாக்கியம் பேசினான்.

"இன்னிக்காவது உண்மையா ஆடு."

அவ்வளவுதான். கை கொடுத்தான். கடிகாரத்தை ஓடவிட்டான்.

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் சின்னவள் நன்றாக ஆடுவாள். அது அவளோடு ஆடிய எல்லாருக்கும் தெரியும்.

அவள் ஆட்டமே தனி ரகம். தடதடவென்று பாய மாட்டாள். எதிராளியின் காய்களுக்கு ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே வருவாள். மூச்சு விட இடமில்லாமல் பண்ணிவிட்டுத்தான் வெட்ட ஆரம்பிப்பாள். அண்ணன் நேர்மாறு. மூலையில் மாட்டினாலும் ஏதாவது ஒரு குறும்பு வைத்திருப்பான். சின்ன வயதில் பரணிலிருந்து கிடைத்த ஒரு பழைய பலகையில் இருவரும் தாங்களாகவே ஆடக் கற்றுக்கொண்டவர்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பெட்டிக்குள் இருந்த விதிமுறைத் தாளில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. தெரியாத இடத்தில் சொந்தமாகச் சட்டம் போட்டுக்கொண்டு சண்டை போட்டார்கள்.

மத்தியானம் தாண்டுவதற்குள் பலகை காலியாகிக்கொண்டே வந்தது. ராணிகள் போய்விட்டன. குதிரைகள் போய்விட்டன. பக்கத்து மேசைகளில் ஆட்டம் முடிந்தவர்கள் வந்து நின்று பார்க்கத் தொடங்கினார்கள். நடுவர் அம்மாள் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போட்டிருந்த கண்ணாடி சின்னவள் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் வாங்கியது. அவருக்குப் பார்வை சோதித்து எழுதிக்கொடுத்ததே சின்னவள்தான்.

கடைசியில் சின்னவளிடம் ஒரு யானை, ஒரு சிப்பாய். அண்ணனிடம் ஒரு யானை மட்டும். அவனுடைய ராஜா மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. வெளியே வரும் வழியில் சின்னவளின் ராஜாவும் சிப்பாயும் காவல் நின்றன. அவளுடைய யானை ஓரத்துக்கு வந்து ஒரு செக் வைத்தால் போதும், கதை முடிந்தது. இரண்டு பேருக்கும் கடிகாரத்தில் நேரம் கொஞ்சம்தான் இருந்தது.

இது அண்ணனின் முறை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் யானையை எடுத்து அவளுடைய ராஜாவை ஒட்டிக் கொண்டுவந்து வைத்தான். செக்.

அந்த யானையை இரண்டு விதமாக வெட்டலாம். சிப்பாயாலும் வெட்டலாம், ராஜாவாலும் வெட்டலாம். சிப்பாய் நகர்ந்தால் காவல் தளர்ந்து, மூலையில் கிடக்கிற ராஜாவுக்கு வெளியே வர ஒரு கட்டம் திறந்துவிடும். எதற்கு வீண் வம்பு? சின்னவள் யோசிக்கவே இல்லை. ராஜாவாலேயே வெட்டினாள். கடிகாரத்தை அமுக்கினாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

ஜெயித்துவிட்டாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே எதிரே இருப்பது யார் என்று நினைவு வந்தது. இனி அவன் எழுந்து போய்விடுவான், புதன்கிழமை பஸ் ஏறிவிடுவான். இருந்தாலும் உண்மையாக ஆடச் சொன்னான், ஆடியாகிவிட்டது. அவன் கை கொடுப்பதற்காக அவள் காத்திருந்தாள்.

அவன் கை கொடுக்கவில்லை. நகர்த்தவும் இல்லை. பலகையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தோல்வியை ஒப்புக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "போதும்ணா" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அவன் அசையவில்லை. சுற்றி நின்றவர்களில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சின்னவள் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள்.

அண்ணன் நகர்த்த மாட்டேன் என்கிறான், சும்மா நேரத்தை ஓட்டுகிறான் என்று நடுவரிடம் தாழ்ந்த குரலில் புகார் சொன்னாள். நடுவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பலகையைப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார்.

"எதைம்மா நகர்த்துவார்?"

"ராஜாவைத்தான் மேடம்."

"ராஜாவுக்கு எங்க இடம் இருக்கு? செக்கும் இல்ல, நகர்த்த வேற காயும் இல்ல. ஆட்டம் முடிஞ்சுபோச்சு. டிரா."

சின்னவள் பலகையைப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். எல்லா வழியையும் அடைத்திருந்தாள். ஒன்றுகூட விடாமல் அடைத்திருந்தாள். அப்போது அவள் வாயிலிருந்து, அவளைக் கேட்காமலே அந்த வார்த்தை வந்து விழுந்தது.

"அதெப்படி மேடம்? அடைச்சவங்கதானே ஜெயிப்பாங்க?"

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது. ஐயோ என்றிருந்தது. தெருவில் இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் இந்த விதியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இத்தனை பேர் முன்னால் இப்படியா உளறுவது? முகம் சிவந்து, உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் திண்டாடினாள். ஊராருக்கெல்லாம் பார்வை சோதிப்பவள், கண்முன்னால் இருந்ததைக் கோட்டை விட்டுவிட்டாள். அணியில் கிடைக்கவிருந்த இடமும் அதோடு போயிற்று.

எதிரே ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது. அழுகிறானா என்று பதறிப்போனாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அடக்க முடியாமல் பொங்கிப் பொங்கிச் சிரித்தான். மற்ற மேசைகளில் ஆட்டம் நடக்கிறது, இரண்டு பேரும் முதலில் வெளியே போங்கள் என்று நடுவர் விரட்டினார்.

நடைவழியின் கோடியில் குடிதண்ணீர்க் குழாய் இருந்தது. அண்ணன் ஒரு டம்ளர் பிடித்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. குழம்பிப்போயிருந்தாள்.

"நான் வேணும்னு பண்ணலண்ணா."

"தெரியும்."

"சத்தியமா நான்..."

"தெரியும்னு சொல்றேன்ல. வேணும்னு டிரா பண்றவ நடுவரைக் கூப்பிட்டுப் புகார் கொடுப்பாளா?"

அவள் அவனைப் பார்த்தாள். ஐந்து வருஷமாக அவன் முகத்தில் இருந்த விறைப்பைக் காணவில்லை. குழாய்ப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு அவன் பேசத் தொடங்கினான். சின்ன வயதில் அவள் அவனை மூலையில் அடைத்துவிட்டு, ஜெயித்துவிட்டேன் என்று குதிப்பாளாம். அவன் அது டிரா என்றால் உருண்டு புரண்டு அழுவாளாம். ஒருநாள் அழுகையை நிறுத்த வழி தெரியாமல் அவன்தான் அந்தச் சட்டத்தைப் போட்டானாம். நம் வீட்டில் அடைத்தவர்களுக்கே ஜெயம்.

"தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு, அந்த எடத்தைத்தான் பூச்சி தின்னுடுச்சுன்னு சொன்னேன். நீயும் நம்பிட்டே. எத்தனை வருஷம் அப்படியே ஆடினோம், ஞாபகம் இருக்கா?"

சின்னவளுக்கு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடப் போட்டிக்குப் போன பிறகுதான் சரியான விதி தெரிந்தது. தெரிந்து என்ன? தலைக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. அடைத்தால் ஜெயம், அடைபட்டால் தோல்வி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளே மூலையில் அடைபட்டபோது, தப்பிக்க அதில் ஒரு வழி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப உனக்கு அன்னிக்கு உண்மையாவே தெரியல."

"அஞ்சு வருஷமா அதைத்தானே சொல்றேன்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். டம்ளரில் இருந்த தண்ணீரை அவனே குடித்தான். மறுபடி ஒரு டம்ளர் பிடித்து நீட்டினான்.

"நான் ஒரு மடையன், மிளகு. குடி."

மிளகு. சின்ன உருவம், பெரிய காரம் என்று அவன் வைத்த பெயர். அவனைத் தவிர யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் டம்ளரை வாங்கினாள். ஒரு மடக்குக் குடித்தாள். அங்கேயே நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். அணியில் இடம் போனது, எல்லார் முன்னாலும் அசடு வழிந்தது எல்லாம் எங்கோ தூரத்தில் இருந்தது. நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். அவ்வளவு லேசாக இருந்தது. அண்ணன் கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல், கிரீஸ் துடைக்கிற துணியை நீட்டினான். அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள்.

வாசலுக்கு வெளியே, சாலையைத் தாண்டினால் பஸ் நிறுத்தம். அங்கே அம்மா அப்பாவின் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் அவளுக்குக் குடையை மடக்கத் தெரியவில்லை. முன்னும் பின்னும் திருப்பினாள். அண்ணன் போய் வாங்கி மடக்கிக் கொடுத்தான்.

அம்மா சின்னவளின் கன்னத்தைத் தடவினாள். கண் நிறைந்திருந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு எதிரே யார் நிற்கிறார்கள் என்பதே மறந்துபோயிற்று.

"நான் காலையில சொன்னபடியே பண்ணிட்டியாம்மா?"

சின்னவளுக்குப் பகீர் என்றது. அண்ணன் மெல்லத் திரும்பினான்.

"காலையில என்ன சொன்னே?"

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்னவள் தரையைப் பார்த்தாள். கைக்கு எட்டியது மறுபடியும் போய்விட்டதா? சாலையில் இரண்டு வண்டிகள் கடந்து போயின. பிறகு அண்ணன் அம்மாவின் தோளில் கை போட்டான்.

"விட்டுக் கொடுக்கச் சொன்னியாக்கும். உன் பொண்ணுக்கு அதெல்லாம் வராதும்மா. இன்னிக்கு என் கண்ணால பார்த்தேன். அவளுக்கு நடிக்கவே தெரியாது."

சின்னவள் மூச்சை விட்டாள். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமென்று தலையாட்டினாள்.

அண்ணன் அதோடு விட்டிருக்கலாம். லிஃப்ட் மெக்கானிக் ஆயிற்றே, ஓடத் தொடங்கிய பிறகும் எங்கே பழுது என்று தேடுகிற புத்தி. ஏதோ நினைவு வந்தவனாக நின்றான்.

"அம்மா, அன்னிக்கு இவ விட்டுக் கொடுத்துட்டான்னு சொன்னியே, அது உனக்கெப்படித் தெரிஞ்சுது? உனக்குக் குதிரையைத் தவிர ஒண்ணும் தெரியாதே."

இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றாத கேள்வி. கோபத்தில் அவனுக்குத் தோன்றவில்லை, வருத்தத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

"எனக்கென்ன தெரியும்? உங்கப்பாதான் வந்து சொன்னார்." அம்மா வெகு சாதாரணமாகச் சொன்னாள். "யானையைத் தூக்கிக் கொடுத்திருந்தா டிராவாம். இவ்வளவு நல்லா ஆடுற பொண்ணு அதைப் பார்க்காம இருப்பாளா, அண்ணனுக்காக விட்டுட்டான்னார். சொல்லும்போது குரலே சரியில்ல அவருக்கு."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நகர்த்தலைக் கண்டுபிடிக்க அண்ணனுக்கு ஒரு நாள் முழுக்க ஆயிற்று. சின்னவள் கண்டுபிடிக்கவே இல்லை. கயிற்றுக்குப் பின்னால், ஃபேனுக்காக நின்றிருந்த மனுஷர் பார்த்திருக்கிறார்.

"மிளகு, பரண்ல இருந்த பலகை யாரோடதுன்னு நாம என்னிக்காவது கேட்டோமா?"

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவசர அவசரமாக, பஸ் வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தாள். நல்லவேளையாக வந்துகொண்டிருந்தது.

அண்ணனின் பைக் மண்டபத்து வாசலில் நின்றது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாளை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் பின்னால் பஸ்ஸில் ஏறினான். கண்டக்டர் வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, மூணு என்றாள்.